விதை அட்டை

ஒரு வகுப்பில் உண்மையில் விடுபட்டுப்போவது யார்? சோம்பேறி அல்ல, குறும்புக்காரனும் அல்ல. திட்டுவதற்காகவாவது அவர்களை ஆசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். விடுபடுவது, பதில் சொல்ல நேரமெடுக்கும் பெண்.

கணக்கு டீச்சர் இதைப் பயிற்சிக் கூட்டங்களில் சொல்வார். சொல்லிவிட்டு, கைதட்டல் அடங்கும்வரை அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். அந்த அடக்கம் கண்ணாடி முன் பழகியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அவருடைய வகுப்பிலேயே அப்படியொரு பெண் இருந்தாள். பேச்சு திக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் மௌனி. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கோ வாய் ஓயாது. அவள் பெயர் ரேடியோ.

யாரும் விடுபடக் கூடாதென்று டீச்சர் அன்றாடம் மூன்று விதமான கணக்கு அட்டைகளைத் தயாரித்தார். சுலபமானது விதை, நடுத்தரமானது செடி, கடினமானது மரம். எவர் மனமும் புண்படாதிருக்கவே இந்தப் பெயர்கள். முதல் நாள் இடைவேளை முடிவதற்குள், "போடா விதை" என்பது அந்த வகுப்பின் மிக மோசமான வசவாகிவிட்டது. டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோட்பாடு சரியாக இருக்கும்போது பிள்ளைகள் தவறு செய்தால் அவர் என்ன செய்ய முடியும்?

மௌனிக்கு எப்போதும் விதை. ரேடியோவுக்கு எப்போதும் மரம்.

அடுத்த ஆண்டு கணக்கு வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. எளிய கணக்குக்குப் போனவர் பிறகு முழுக் கணக்குக்குத் திரும்ப முடியாது. யார் எந்தப் பிரிவு என்று முடிவு சொல்ல வேண்டிய கடைசி நாள் வந்தது; அன்று மாலைக்குள் தலைமையாசிரியையிடம் சொல்லியாக வேண்டும். மௌனியை எளிய கணக்கில் விட்டுவிடுவதென்று டீச்சர் முடிவு செய்திருந்தார். பாவம், வாயில்லாத பெண், அவளை எதற்கு வதைக்க வேண்டும்?

அன்று வகுப்பில்தான், மேசைக்கடியில் இரண்டு அட்டைகள் கைமாறுவதைப் பார்த்தார். சற்று நேரம் விட்டுப் பின்னால் போய் நின்றார். மௌனியின் முன்னால் மரம் அட்டை இருந்தது. அதிலிருந்த கணக்கு கடைசி வரிவரை போடப்பட்டிருந்தது.

இரண்டு பேரையும் ஆசிரியர் அறைக்கு அழைத்துப்போனார்.

"நீ போட்டதை அவகிட்ட குடுத்து காப்பியடிக்க வைக்கிறியா?" என்று ரேடியோவைப் பிடித்துக்கொண்டார். "உதவி பண்றதா நெனப்பா?"

ரேடியோ இரண்டு கைகளையும் விரித்தாள்.

"ஐயோ டீச்சர், எனக்கு மரம் கணக்கு ஒண்ணுகூட வராது. ஆரம்பத்துலேர்ந்தே அதெல்லாம் அவதான் போடுறா. நான் விதை போடுறேன். பேரை மட்டும் மாத்தி எழுதிக்குவோம். நீங்க படம் வரைஞ்சு, அம்புக்குறி போட்டு, அவ்வளவு அழகா குடுக்கிறீங்களே, எனக்கு அதுலதான் கணக்கே புரிஞ்சுது. தயவுசெஞ்சு என்னை முழுக் கணக்குல தள்ளிடாதீங்க டீச்சர்."

டீச்சர் நம்பவில்லை. அங்கேயே புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தார். மௌனி நின்றபடியே போட்டு முடித்தாள். ரேடியோ கேள்வியைப் படித்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற பாடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற சவால் என்று அவர் மேடையில் காட்டிய முன்னேற்றம் அத்தனையும் உண்மைதான். அதை வடிவமைத்தவர்கள் மட்டும் வேறு. வாய் சரளமாக ஓடினால் மூளையும் ஓடும் என்கிற நம்பிக்கை தனக்கு எங்கிருந்து வந்ததென்று யோசித்தார். வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. அவரே சரளமாகப் பேசுகிறவர்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மௌனி வாயைத் திறந்தாள். "நா... நான்..."

"பயந்துட்டே, அதானே?" என்றார் டீச்சர் கனிவாக.

இல்லையென்று தலையசைத்துவிட்டு, மௌனி மறுபடி தொடங்கினாள். கூச்சமாக இருந்திருக்கும், பரவாயில்லை என்று டீச்சர் அதற்கும் ஒரு பதிலைத் தயாராக எடுத்துக் கொடுத்தார்.

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர். அவ சொல்லட்டும்."

ரேடியோவிடமே இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு யாராக இருந்தாலும் வாயை மூடத்தான் வேண்டும். டீச்சர் மூடினார். மௌனிக்கு நேரமெடுத்தது.

"சொ... சொல்ல வந்தேன் டீச்சர். நெ... நெறைய தடவை. 'இந்த அட்டை ரொம்ப'ன்னு ஆ... ஆரம்பிப்பேன். நீங்க உடனே 'கஷ்டமா இருக்காம்மா'ன்னு சொல்லிட்டு, இ... இதைவிட சுலபமா ஒண்ணு குடுத்துடுவீங்க."

மாலையில் டீச்சர் தலைமையாசிரியையிடம் இருவரின் பிரிவுகளையும் மாற்றிச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "நான் ஒரு மக்கு" என்றார். தலைமையாசிரியை அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மௌனி முழுக் கணக்கில் சேர்ந்தாள். முதல் தேர்வில் பாதிக் கணக்கு தவறிப்போய் அழுதாள். அடுத்த தேர்வில் தேறினாள். இப்போது, ஒரு பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிடும் வேலையில் இருக்கிறாள். பேச்சு இன்னும் திக்குகிறது.