பன்னிரண்டு இலக்க மாப்பிள்ளை

“இந்த நம்பர்காரனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்க ஏலாது,” என்றார் விஜயரத்தினம், மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே.

கிருபனை அவருடைய மகள் சயந்தினி நான்கு வருடமாகக் காதலிக்கிறாள். குணம், வேலை, குடும்பம் என்று ஒன்றிலும் அப்பாவால் குறை பிடிக்க முடியவில்லை. கடைசியில் வந்து நின்றது அவனுடைய கைத்தொலைபேசி எண்ணில்.

ஹம்பேர்க் தமிழர்களில் அப்பாவிடம் எண் பார்க்காமல் கார் வாங்கியவர் இல்லை, கடை திறந்தவரும் இல்லை. திறந்த கடைகளில் பாதி பூட்டியாயிற்று, அது வேறு கதை. இப்போது எந்த முழு எண்ணைக் கொடுத்தாலும் அதன் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லும் வலைத்தளம் ஒன்றும் அவர் கையில் அகப்பட்டுவிட்டது. கேட்க வேண்டுமா?

அம்மா கலாதேவி தன் தொலைபேசியைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல, அப்பா ஜேர்மனியின் நாட்டு எண் நாற்பத்தொன்பதையும் முன்னால் சேர்த்து ஒரே மூச்சில் அடித்திருந்தார். பன்னிரண்டு இலக்கம். முதன்மை எண் என்று வந்தது. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது.

“வகுபடாதவன் ஒருத்தரோடையும் ஒத்துப்போகான். தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டுதான் நிப்பான்,” என்றார்.

இலக்கங்களைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் வந்தது எட்டு. எட்டென்றால் சனி. சனியென்றால் கோபக்காரன், சாப்பாட்டில் குறை சொல்லாமல் எழும்ப மாட்டான். இரண்டின் அடியில், வெறும் ஒன்றும் பூச்சியமுமாக எழுதினால் ஒன்றுகளைவிடப் பூச்சியங்கள் அதிகம். அதாவது வாய் மட்டும்தான், வீட்டில் ஒரு துரும்பைத் தூக்கிப் போட மாட்டான். இதெல்லாம் எந்தக் கணித நூலில் இருக்கிறது என்று கணிதத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் சயந்தினிக்குத் தெரியவில்லை.

முதன்மை எண்களுக்கு முடிவே கிடையாது, அப்படியான நம்பர் வைத்திருப்பவர்கள் எல்லாம் கல்யாணம் கட்டாமலா இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தாள். யூனிவர்சிட்டியில் படிப்பிக்கும் கணக்கு வேறு, வாழ்க்கைக் கணக்கு வேறு என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார். உதவிக்கு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவோ யாருக்கு வந்த விருந்தோ என்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இவனைக் கட்டுறவள் காலம் முழுக்கக் கண்ணீரோடைதான் இருப்பாள். நான் எழுதித் தாறன்,” என்று தீர்ப்பைச் சொல்லி மடிக்கணினியை மூடினார் அப்பா. “கலா, பெடியனுக்குப் போன் எடுத்து, சரிவராது எண்டு சொல்லும்.”

கலாதேவி கத்தியைக் கீழே வைத்தாள்.

“இஞ்சருங்கோ, அது பெடியன்ரை நம்பர் இல்லை, உங்கடை நம்பர். ஊரிலை எல்லாற்றை நம்பரையும் பாத்தியள், இதை மட்டும் ஒருநாளும் பாக்கேல்லை. முப்பது வருசம் குடும்பம் நடத்தின நான் சொல்லுறன், நீங்கள் சொன்னதிலை ஒரு சொல்லும் பிழையில்லை.”