கம்பெனி லேப்டாப்

"என்னாம்மா இது, அரிசியா? லக்கேஜ் டிக்கெட் போடணும்" என்றார் கண்டக்டர், சகாயசெல்வியின் மடியிலிருந்த பையைத் தட்டிப் பார்த்து.

"லேப்டாப்பு சார், கம்பெனி குடுத்தது" என்று பக்கத்திலிருந்த அவள் அப்பா ஞானப்பிரகாசம் முந்திக்கொண்டார். சிதம்பரத்தில் ஏறியதிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்.

"என் மச்சான் பையனும் வச்சிருக்கான், அப்பளம் மாதிரி இருக்குது. இத எப்பிடிம்மா டெய்லி தூக்குற?"

"டேபிள் கம்ப்யூட்டருக்குப் பதிலா இதையே வச்சிக்கலாம்னு ஆபீசுங்களுக்காக விட்ட மாடலுண்ணா. விக்கல, ஒன்னர வருஷத்துல நிறுத்திட்டான்" என்றாள் செல்வி. "ப்ளக்குல மாட்டலன்னா அரை மணி நேரத்துல செத்துடும். சார்ஜரே செங்கல்லு கணக்கா இருக்கும்."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே கடலூருக்கு ஒன்றும் செம்மங்குப்பத்துக்கு ஒன்றும் கிழித்தார்.

அவளோடு வேலையில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் மெல்லிய புது லேப்டாப். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு, வாட்ச்மேன் என்று தெரிந்த பிறகு, ஸ்டோர் ரூமில் எந்தக் கணக்கிலும் இல்லாமல், யாரும் திருப்பிக் கேட்காத நிலையில் கிடந்த இதை இவளுக்குக் கொடுத்தார்கள். வீட்டின் முதல் பட்டதாரி எதைக் கொடுத்தாலும் தூக்குவாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஞானப்பிரகாசத்தின் சட்டைப் பையில், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்ற கடிதம் இருந்தது. செம்மங்குப்பம் கம்பெனி கேட்டில் நின்று நின்று கால் இரண்டும் வீங்கிவிட்டன. மறுக்க முடியாமல் அதை எழுதிக் கொடுத்தவளும் செல்விதான்.

"லெட்டர இன்னிக்கே குடுக்கணுமாப்பா?"

"நீதான் சம்பாதிக்கிறியே. நான் எதுக்கு நிக்கணும்?"

"இந்த மாடலையே ஒன்னர வருஷத்துல நிறுத்திட்டாங்க. என்னிய எத்தினி நாளு வச்சிருப்பாங்க? கம்பெனிய நம்பி இருக்கற வேலய வுடாதப்பா."

குரல் உயர்ந்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஞானப்பிரகாசம் அவள் கையிலிருந்த சோற்று டப்பாவை வாங்கி, ஜிப்பைத் திறந்து பைக்குள் வைத்தார். லேப்டாப்பும் டப்பாவும் போக உள்ளே நிறைய இடம் இருந்தது. ஜிப்பை மூட அவருக்கு நேரமானது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் கடிதத்தை எடுத்தார். கிழித்து ஜன்னலுக்கு வெளியே விட்டார்.

செல்விக்கு மூச்சு வந்தது. "கொஞ்ச நாளுதாம்ப்பா" என்றாள்.

"இருக்கட்டும். கால் எங்க ஓடிப்போவுது."

"செம்மங்குப்பம்லாம் எறங்கு" என்று கண்டக்டர் விசிலடித்தார். ஞானப்பிரகாசம் கம்பியைப் பிடித்து, வீங்கிய காலை ஊன்றி எழுந்தார். இறங்கப் போனவர் அவள் பக்கம் குனிந்தார்.

"ஈஸ்டர்லேருந்து சார்ஜர் வீட்டுலயே கெடக்குது, பாப்பா. நாளைக்கு அதையும் எடுத்துக்கிட்டுப் போ. ஒன் வேலை போனது அம்மாவுக்குத் தெரிய வேணாம்."