பொய்யென்றால் சம்மதம்

"இது பொய்னு மட்டும் சொல்லுங்க தம்பி. மேற்கொண்டு பேசலாம்."

பெண்ணின் அப்பா கைப்பேசியை மேசை நடுவில் வைத்து அந்த விளம்பரத்தை மறுபடியும் ஓடவிட்டார். சிவப்பு நிறப் பிக்கப் வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. இடிந்து பாதியில் நின்ற பாலத்தின் விளிம்பில் கொஞ்சமும் தயங்காமல் எழும்பி, பள்ளத்தைத் தாண்டி அக்கரையில் விழுந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிப் போனது. ஓட்டியவனின் முகம் அதில் தெரியவில்லை. அவன்தான் இப்போது அவருக்கு எதிரே, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்திலிருந்த அவனுடைய அக்கா முந்திக்கொண்டாள். "பொய்யா? என்ன ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க! என் தம்பி ஓட்டினது. எங்க தெருவுல சின்னப் பசங்கல்லாம் இவனைப் பார்த்தா..."

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு."

"நான் பட்டறை வெச்சிருக்கேன் தம்பி" என்றார் அவர். "அடிபட்ட வண்டிகளைத்தான் எங்கிட்ட இழுத்துக்கிட்டு வருவாங்க. கதவை நிமிர்த்துவேன், கண்ணாடி மாத்துவேன். ஓட்டினவன் எங்கேன்னு மட்டும் கேக்கவே மாட்டேன். இது பொய்யா இருந்தா உங்களுக்குப் பொண்ணு கொடுக்க எனக்கு ஒரு தடையும் இல்ல. நிஜமா இருந்தா, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் டீயைத் தொடவில்லை. இதற்கு முன் போன வீடுகளில், படங்களுக்கு வண்டியில் சாகசம் செய்வதுதான் தொழில் என்று சொன்னதுமே பேச்சு வெயிலுக்கும் மழைக்கும் மாறிவிடும். இந்த வீட்டில்தான் தொழில் தெரிந்தும் வரச் சொல்லியிருந்தார்கள். அதுவும் பெண்ணே சொன்னாளாம். அவள் உள்ளறைக் கதவருகே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்தான் ஐயா" என்றான் கடைசியில். "மேல கிரேன் நிறுத்தி, வண்டியை நாலு பக்கமும் கம்பிக்கயித்துல மாட்டிட்டாங்க. அப்படியே தூக்கி அந்தப் பக்கம் இறக்கி விட்டாங்க. நான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தொட்டில்ல போட்ட குழந்தை மாதிரி."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சபையில் மானத்தைப் பறிகொடுத்தவன்போல இருந்தது அவன் முகம்.

"அடப்பாவி!" அக்கா அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். "தொட்டில்லயா தொங்கினே? எங்க மாமியார் வீடு பூரா உன்னைப் பத்திப் பீத்திக்கிட்டு இருக்கேனேடா! இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போவேன்?"

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு கைப்பேசியை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "கயிறு ஒண்ணும் தெரியலையே?"

"அதை அப்புறம் கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்க ஐயா."

"அழிச்ச இடம் தெரியாதா?" அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீதான் நாள் பூரா கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கறியே. நீ சொல்லும்மா. இவர் சொல்றது நடக்கிற காரியமா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

"கயிறு இருந்தா அழிச்சிடலாம்ப்பா" என்றாள். "இருந்த தடமே தெரியாது."

"அப்ப சரி!" அவர் தொடையில் தட்டினார். "பொய்யில பிழைக்கிறவரா இருந்தாலும் பரவாயில்ல. பிழைச்சுக் கிடப்பாரு. போங்க, ரெண்டு பேரும் பால்கனியில பேசிட்டு வாங்க."

பால்கனியில் துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கீழே ஒரு வண்டி பின்னால் வர இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக அது தெருவைவிட்டுப் போனது.

"ரொம்ப நன்றிங்க" என்றான். "நீங்க கைகொடுக்கலைன்னா உங்க அப்பா நம்பியிருக்க மாட்டாரு."

"அவர் நம்பட்டும். நிம்மதியாத் தூங்குவாரு." அவள் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "எங்க ஆபீஸ்ல என் வேலை என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"கம்ப்யூட்டர்ல ஏதோன்னு சொன்னாங்க..."

"படத்துல இருக்கக் கூடாததை அழிக்கிறது. அந்த விளம்பரம் என் மேசைக்குத்தான் வந்துச்சு."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒவ்வொரு படமாப் பெரிசு பண்ணிக் கயித்தைத் தேடினேன். நூல்கூட இல்ல. நான் அழிச்சது ஒண்ணே ஒண்ணுதான். ஓரமாக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருந்த ஆம்புலன்ஸ்."

உள்ளே அக்கா ஏதோ சொல்ல, பட்டறைக்காரர் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இப்ப... உள்ள போய் என்ன சொல்லப் போறீங்க?"

"சம்மதம்னு" என்றாள் அவள். "ஆனா இனிமே கயிறு கட்டிக்குங்க. எத்தனை வேணும்னாலும் கட்டிக்குங்க, அழிக்கிறதை நான் பார்த்துக்கறேன்."