ஜன்னல் பக்கத்துத் தொட்டி

"குஞ்ச எடுத்துட்டு அடுக்களைக்கு ஓடுங்க மாமி! அந்தச் சவம் கேஸு விடுது!"

அஜிஷா போட்ட சத்தத்தில் செல்லபாய் மாமி பேரனை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். வெளியே அடைமழை. கரண்டும் போயிருந்தது. அந்தி இருட்டில், வீடு முழுக்கக் கெட்ட முட்டை நாற்றம்.

சவம் என்று அவள் திட்டியது, படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சாண எரிவாயுத் தொட்டியை. கொல்லயில் கிராமத்தில் அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலும் இல்லாத அதிசயம் என்று அவள் புருஷன் விஜயதாஸ் ஆசை ஆசையாக வைத்தது. சாணம், மரச்சீனிக் கிழங்குத் தோல், அழுகிய வாழைத்தண்டு என்று கண்டதையும் அதற்குத் தீனி போடுவான்.

அது வந்த நாள் முதல் அஜிஷாவுக்குத் தூக்கம் போயிற்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெடிகுண்டு, இந்தப் பக்கம் நாலு மாதக் குழந்தையின் தொட்டில். எந்தப் பெற்றவள் நிம்மதியாகக் கண்மூடுவாள், சொல்லுங்கள்!

ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் அடைத்தாள். கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்தாள்.

"மக்கா, நாத்தம் கூடுதே ஒழிய கொறையல," அடுக்களையிலிருந்து மாமி சொன்னார். "ஒண்ணும் காணவும் வய்யா. மெழுகுதிரி கொளுத்தட்டா?"

"ஐயோ, கொளுத்தாதீங்க! எல்லாரும் கருகிப் போவோம்! பொறுங்க, அவங்களுக்குப் போன் போடுறேன்."

முன்னறையில்தான் சிக்னல் கிடைக்கும். நெய்யாற்றின்கரைக்கு வெல்டிங் வேலைக்குப் போயிருந்த விஜயதாஸ் மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"உங்க தொட்டி லீக்காவுது! வீடு பூரா கேஸு நாத்தம்! எனக்க பிள்ளைக்கு வல்லதும் ஆச்சுன்னா உங்கள சும்மா விடமாட்டேன்!" அழுதுகொண்டே கத்தினாள்.

"அஜிஷா, பேடிக்காத. அதுல கேஸே கெடையாது."

"பொய் சொல்லாதீங்க!"

"சத்தியமாக்கும். நேத்து நீ பிள்ளைக்கு ஊசி போடப் போனல்லா, அப்பவே தொட்டிய ஒக்கக் காலியாக்கிக் கழுவிப் போட்டேன். பைப்பும் கழத்தியாச்சு. நீ ராத்திரி உறங்காம கெடக்கியத பாக்க வய்யா. சொன்னா நீ செயிச்சதா ஆயிருமேன்னுதான் சொல்லல."

அஜிஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்தது. இந்த மனுஷனைத் திட்டிய வாயை என்ன செய்வது!

"மாமி!" போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினாள். "தொட்டியில கேஸே இல்லியாம்! பேடிக்க வேண்டாம், மெழுகுதிரிய கொளுத்துங்க!"

"ஸ்தோத்திரம்!" என்றார் மாமி.

போனில் விஜயதாஸ் பதறினான்.

"அஜிஷா... கேஸு நாத்தம்னா சொன்ன? அப்போ அது நம்ம அடுக்களை சிலிண்டராக்கும்! கொளுத்த வேண்டாம்னு சொல்லு!"

போன் கீழே விழுந்தது. அலறத்தான் பார்த்தாள், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"மொத குச்சி நமுத்துப் போச்சு மக்கா," அடுக்களையிலிருந்து மாமியின் குரல் கேட்டது. "இரு, அடுத்தத உரசுதேன்."