கீழ்க்குழாயில் ஒரு விரிசல்

விற்க வைத்திருக்கும் சைக்கிளில் விரிசல் இருக்கிறது என்று, கேட்பதற்கு முன்பே வாய் திறந்து சொல்லும் ஆளை நேரியோ இன்றைக்குத்தான் பார்த்தான்.

"இதோ பாருங்க தம்பி, பெடல் பக்கம் இறங்கற இந்தக் கீழ்க்குழாய்ல. முடி மாதிரி ஒரு கோடு தெரியுதா? இரும்பு விட்டிருக்கு. இறக்கத்துல போறப்ப இது உடைஞ்சா, பல்லைப் பொறுக்கிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்" என்றார் ஓரெஸ்தே. அவருக்கு வயது எழுபத்தொன்பது.

நேரியோவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இரண்டு வருடமாகத் தேடுகிறான். அக்டோபரில் நடக்கும் பழைய சைக்கிள் ஓட்டத்தில் புது வண்டிக்கு இடமில்லை. கிடைக்கிற பழைய வண்டியெல்லாம் நெட்டையர்களுக்காகச் செய்தது. நேரியோ குள்ளம். போன வருடம் இரவல் வண்டியில் ஏறி, நிறுத்தும்போது கால் தரையில் எட்டாமல், ஃபாயென்ட்ஸா கடைத்தெருவே பார்க்கச் சாய்ந்து விழுந்தான். அவனுடைய சைக்கிள் கிளப்பில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்த வண்டியோ அவனுக்கே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஓரெஸ்தேயும் அவன் உயரம்தான். ஐம்பது வருடத்துக்கு முன் ஃபோர்லியில் ஒருவர் கையால் பற்றவைத்துச் செய்து கொடுத்த கரும்பச்சை வண்டி. டயர் காய்ந்து வெடித்திருந்தது. பின்சக்கரம் கொஞ்சம் கோணல். பிரேக் கம்பிகளை மாற்ற வேண்டும். ஒரு மாதம் உட்கார்ந்தால் இதெல்லாம் சரியாகிவிடும், குழாய் விட்டுப்போனால்தான் ஒன்றும் செய்ய முடியாது.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி இல்தே எட்டிப் பார்த்தாள்.

"ஓரெஸ்தே, அவரு எடுத்துக்கறாரா இல்லையா? இன்னிக்காவது அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போகுமா?"

பிப்ரவரியில் அவர் இந்த வண்டியோடு மலைப்பாதையில் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டாராம். அன்றைக்கே வண்டியை விற்றாக வேண்டும் என்று இல்தே ஒற்றைக்காலில் நின்று, விளம்பரமும் அவளே கொடுத்தாளாம். இதுவரை ஏழு பேர் வந்து, விரிசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஓரெஸ்தே இதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஐம்பது வருடம் கூட இருந்த வண்டியைச் சனியன் என்கிறாளே, இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நேரியோவுக்குக் கோபம் வந்தது. நஷ்டமானாலும் உண்மை பேசுகிற மனிதருக்கு இப்படி ஒரு பெண்டாட்டி.

விரிசல் எவ்வளவு ஆழம் என்று பார்க்கக் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தான். கோடு விரலோடு வந்துவிட்டது.

விரலில் கறுப்பாக ஒரு தீற்றல். அடியில் பச்சை வர்ணம் கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. நேரியோ நிமிர்ந்து பார்த்தான். ஓரெஸ்தேயின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அவர் துணியை எடுத்து சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

உண்மை விளம்பியாவது ஒன்றாவது. கிழவர் பச்சைப் பொய்யர்.

மேலே பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி நேரியோவுடையது. அக்டோபரில் கிளப்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஓரெஸ்தேயின் கை சீட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விரிசல்தாம்மா" என்று உரக்கச் சொன்னான். "நல்ல ஆழம். இதை யாரும் வாங்க மாட்டாங்க."

சொன்ன பிறகு அந்தக் கரும்பச்சை வண்டியை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். ஓரெஸ்தே அவன் கையைப் பிடித்து, ஒரு வாய் ஒயினாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தான்.

வாசலில் இல்தே இறங்கி வந்து வழிமறித்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான்.

"கட்டைவிரலைக் காட்டுங்க."

காட்டினான்.

"அழிச்சிட்டீங்களா" என்று பெருமூச்சு விட்டாள். "என் புருவ மை. பென்சில்தான் நிக்க மாட்டேங்குதுன்னு இதைப் போட்டேன், இதுவும் அழியுது."

நேரியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ கோடு போட்டது அவரில்லையா?"

"முதல் தடவை அவருதான் போட்டாரு. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன். தினமும் வண்டியைத் துடைக்கிறப்போ அவரே அதை அழிச்சிடறாரு. கண்ணு சரியாத் தெரியாது, இன்னும் இருக்குன்னே நினைச்சுக்கறாரு. ஆள் வர்ற அன்னிக்கெல்லாம் நான்தான் வரையறேன். ஒரு தடவை எதுக்கும் இருக்கட்டும்னு அவரே மறுபடி வரையப் போயி வேற குழாய்ல போட்டுட்டாரு. அவரு காட்டின இடத்துல கோடே இல்லை, வந்த ஆளு கிட்டத்தட்ட வண்டியை எடுத்துட்டே போயிருப்பாரு."

"விளம்பரத்தை எடுத்துட்டா போச்சு. எதுக்கும்மா இவ்வளவு பாடு?"

"எடுத்துட்டா மறுநாளே ஏறி மலைக்குக் கிளம்பிடுவாரு. விக்கறதுக்கு வெச்சிருக்கிற வரைக்கும்தான் விரிசல்னு சொல்லுவாரு. விரிசல்னு சொன்ன வண்டியில என் கண்ணு முன்னாடி எப்படி ஏறுவாரு? நிஜமாவே வித்துட்டா, அந்த மனுஷன் காலையில எதுக்காக எழுந்திருப்பாரு?"

அவள் கண் கலங்கியது. உடனே இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் பையில் கைவிட்டு, புருவ மைக் குச்சியை எடுத்தாள்.

"பதினோரு மணிக்கு அடுத்த ஆள் வர்றாரு தம்பி. நீங்க உள்ள போயி, அந்த ஒயினைக் குடிச்சுக்கிட்டே அவரைக் கொஞ்சம் பேச்சுல பிடிச்சு வைங்க. நான் போயி வரைஞ்சுட்டு வந்துடறேன்."