கால் கழுவாத மீட்டர்

மண்ணில் புளிப்பு ஏறியிருக்கா, சுண்ணாம்பு ஏறியிருக்கா என்று சொல்லுகிற மீட்டர் ஒன்றை மாடித்தோட்டத்துப் பூங்கோதை வாங்கி வந்தாள். வேலை செய்யுதா என்று முதலில் புளித்த மோரில் முக்கிப் பார்த்தாள். துடைக்காமல் அப்படியே மிளகாய்த் தொட்டியில் குத்தினாள்.

"புளிப்பு!" என்று அதட்டியது மீட்டர்.

மிளகாய்க்குச் சுண்ணாம்புத் தண்ணி விழுந்தது. கத்தரிக்கும் அதே அதட்டல், அதே தண்ணி.

அடுத்தது கறிவேப்பிலை. சுவருக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு வழிந்து, அது ஏற்கெனவே மஞ்சள் பூத்து நின்றது. அதன்மேல் ஒரு சொம்பு சுண்ணாம்புத் தண்ணியும் விழுந்தால் விறகுதான். மீட்டர் காலில் மோர்த் திட்டு ஒட்டியிருந்ததைக் கறிவேப்பிலை பார்த்துவிட்டது.

"ஐயா, கால் கழுவிட்டு உள்ளே வாங்களேன்."

"ஊர் மண்ணையே அளக்கிற காலுடி இது!"

"கோவிச்சுக்காதீங்க. அந்தச் சொம்புல குடிக்கிற தண்ணி இருக்கு. அதுல நின்னு சொல்லுங்க, பார்ப்போம்."

ரோஷத்தோடு சொம்பில் குதித்த மீட்டர், "இதுவும் புளிப்பு!" என்று கத்தியது.

பூங்கோதை அப்போதுதான் அதில் பாதித் தண்ணியைக் குடித்திருந்தாள். மீட்டரைத் தூக்கி முறைத்தாள். முந்தானையால் அதன் காலை அழுத்தித் துடைத்து, கறிவேப்பிலைத் தொட்டியில் குத்தினாள்.

"சுண்ணாம்புதான் ஏறிக் கிடக்கு," என்று முனகியது மீட்டர்.

மீதி மோரெல்லாம் தண்ணி கலந்து கறிவேப்பிலைக்குப் போனது. வேர் நனைய நனைய அதற்கு உயிர் வந்தது.

மீட்டர் கறிவேப்பிலையைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"பார்த்தியா, நான் ரெண்டு அதட்டு அதட்டினதும் உன் சுண்ணாம்பெல்லாம் போயிடுச்சு."