ஜன்னல் திரையில் ஒரு கறை

"ரூமை நல்லாக் காட்டுடா. இந்த ஆட்டு ஆட்டினா எனக்குத் தலை சுத்துது."

வெளிநாட்டில் படிக்கும் மகன் போனை மெதுவாகச் சுழற்றினான். சுருக்கமில்லாத படுக்கை, அடுக்கிய புத்தகங்கள், பெரிய ஜன்னல்.

"தனி ரூம்மா. ராஜா மாதிரி இருக்கேன்."

"அதான் எனக்கு வேணும். எங்கேயாவது ஹால்ல முடங்கிக் கிடந்தேன்னு வை, படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அடுத்த பிளைட்லயே வரச்சொல்லிடுவேன். ஆமா, திரையில என்னடா அவ்ளோ பெரிய காபிக் கறை?"

"நேத்துதாம்மா கொட்டிடுச்சு. துவைச்சிடறேன்."

கதவு லேசாகத் திறந்தது. உண்மையில் அந்த அறையில் தங்கியிருக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி நண்பன் தலையை நீட்டி, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அவனுக்குப் பின்னால், இவனோடு ஹாலில் மெத்தை போட்டுப் படுக்கும் நெட்டையனும் குண்டனும் தலைவாரி, போனும் கையுமாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்குப் பத்து நிமிடம்தான் அந்த அறை.

"கிளாஸுக்கு நேரமாச்சும்மா, வச்சிடறேன்."

"ஞாயித்துக்கிழமையுமா? பாவம், போ. அடுத்தது யாரு, நெட்டையனா?"

மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அ... அம்மா?"

"உங்களை வழியனுப்ப ஏர்போர்ட் வந்த அன்னிக்கே நாங்க நாலு அம்மாவும் நம்பர் வாங்கிக்கிட்டோம்டா. நீங்க ஹால்ல படுக்கறதைக்கூட போனாப் போகுதுன்னு விட்டாச்சு. ஆனா ஒரு மாசமா குரூப்ல அந்தக் கறையைத்தான் பேசிக்கிட்டிருக்கோம். நாலு தடியனுங்கள்ல ஒருத்தனுக்காவது அதைத் துவைக்கணும்னு தோணுச்சா?"